ஆவாரம்பட்டையும் ஆம்பூர்த் தோலும்

“ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ” என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆவாரையின் மருத்துவப் பெருமையைச் சொல்ல எழுந்தது அது. சாலையோரத்திலும் புன்செய் மேட்டிலும் எவரும் நீர் ஊற்றாமலே வளர்ந்து, பொன்னிறப் பூக்களைச் சுமந்து நிற்கும் அச்செடி, மனிதரின் உடலுக்கு நலம் தந்ததோடு நின்றுவிடவில்லை. இறந்த விலங்கின் தோலுக்கும் அது நீண்ட வாழ்வு தந்தது. அதன் பட்டையை நம்பிப் பாலாற்றங்கரையில் ஒரு தொழில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் செழித்து வாழ்ந்தது. அத்தொழில் எவ்வாறு வளர்ந்தது, எதனால் தேய்ந்தது என்பதை உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை, பாலாற்றுப் பள்ளத்தாக்கின் வழியே ஆம்பூரையும் வாணியம்பாடியையும் தொட்டுச் செல்கிறது. இவற்றோடு பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களும் தோலுக்குப் பெயர் பெற்றவை. முன்னாளில் இவை யாவும் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. 2019ஆம் ஆண்டு முதல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களில் அமைந்துள்ளன. மாவட்டத்தின் பெயர் மாறினும் தொழிலின் பெயர் மாறவில்லை. ஆயினும் தொழிலின் உள்ளியல்பு அடியோடு மாறிவிட்டது.

பட்டையினால் தோல் பதனிடும் முறை யாது? உப்பிட்டு வந்த பச்சைத்தோலை முதலில் நீரில் ஊறவைப்பார்கள். பின்னர் அது சுண்ணாம்புத் தொட்டிக்குச் செல்லும். மயிர்க்கால்கள் தளர்ந்தபின், சாய்வாக நிறுத்திய மரத்தின்மேல் தோலை விரித்து, இரு முனையிலும் பிடியமைந்த கத்தியால் ஒருபுறத்து மயிரையும் மறுபுறத்துச் சதையையும் வழிப்பார்கள். சுண்ணாம்பைக் கழுவி நீக்கியபின், இடித்த ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளில் அதனை இடுவார்கள். இங்கேதான் கைத்திறனுக்குச் சோதனை. முதலிலேயே கடுஞ்சாற்றில் இட்டால் தோலின் மேற்புறம் இறுகிவிடும். உட்புறம் பச்சையாகவே நிற்கும். ஆகவே பழைய, மெலிந்த சாற்றில் தொடங்கிப் படிப்படியாகப் புதிய, செறிந்த சாற்றுக்கு மாற்றவேண்டும். ஆவாரம்பட்டையில் நூற்றுக்கு 18 பங்கு அளவுக்குத் துவர்ப்பொருள் உண்டு. அத்துவர் தோலின் நார்களோடு மெல்ல மெல்லக் கலந்து, அதனை அழுகாப் பொருளாக்குகிறது. மாட்டுத்தோலுக்கு இவ்வாறு வாரக்கணக்கில் காலம் செல்லும். இறுதியில் கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் பூசி, நிழலில் உலர்த்துவார்கள். பட்டை, கடுக்காய், எண்ணெய், நீர் ஆகியவற்றோடு ஐந்தாவதாக ஒரு பொருளும் இதில் சேர்ந்தது. அது பொறுமை.

தொட்டியில் சாறு எந்நிலையில் உள்ளது என்பதை அந்நாளைய தொழிலாளர் நிறத்தாலும் மணத்தாலும் சுவையாலும் அறிந்தனர். தோலின் ஓரத்தைச் சிறிது வெட்டிப் பார்த்து, துவர் உள்ளே எவ்வளவு ஊறியுள்ளது என்று கூறினர். அவர்கள் கற்றது கண்ணாலும் கையாலும்; ஏட்டினால் அன்று. ஆனால் அக்கைகளுக்கு இச்சமுதாயம் செய்த சிறப்பு என்ன? தோலால் ஆன செருப்பை விரும்பி அணிந்தவர்கள், அதனைப் பதப்படுத்தியவனைத் தீண்டத்தகாதவன் என்று ஊருக்கு வெளியே நிறுத்தினர். இத்தொழிலின் வரலாற்றைப் பேசுவோர் இந்தக் கறையை மறைத்தல் நேர்மை ஆகாது.

இவ்வாறு பதனிட்ட தோல், சென்னைத் துறைமுகம் வழியே கப்பலேறிற்று. ‘கிழக்கிந்தியத் தோல்’ என்பது உலகச் சந்தையில் அதற்கு வழங்கிய பெயர். லண்டன் மாநகரில் அது ஏலத்தில் விலைபோயிற்று. முதல் உலகப் போர்க்காலத்தில் (1914–1918) பிரிட்டிஷ் படைவீரர்களின் காலணிகளுக்கு மேல்தோலாக அது பெருமளவில் பயன்பட்டது. பாலாற்றங்கரை வணிகர்கள் செல்வம் ஈட்டினர். ஈட்டியதை அறத்திற்கும் செலவிட்டனர். மேல்விஷாரத்தில் தோன்றிய சி. அப்துல் ஹக்கீம் (1863–1938) தோல் வணிகத்தால் உயர்ந்தவர். சென்னை சென்ட்ரல் நிலையத்தின் எதிரே உள்ள சித்தீக் சராய் என்னும் வழிப்போக்கர் விடுதி அவருடைய கொடையாகும்.

ஆயினும் இச்செல்வத்தில் ஒரு குறை இருந்தது. கிழக்கிந்தியத் தோல் அரைவேலை முடிந்த பொருளே. அதற்குச் சாயமேற்றி, மெருகூட்டி, காலணியாக்கி மிகுந்த ஊதியம் பெற்றவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தனர். எந்தத் தோல் வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்தனர். பாதி வழியில் நிற்கும் தொழிலின் தலைவிதி, மீதி வழியை நடப்பவன் கையில் அன்றோ இருக்கும்?

இதற்கிடையே மேலைநாட்டில் வேறொரு முறை எழுந்தது. 1884ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பட்டைக்கு வாரங்கள் வேண்டும். குரோமியத்துக்கு ஓரிரு நாட்கள் போதும். அத்தோல் மென்மையானது, வெப்பத்தையும் நன்கு தாங்கும். காலணியின் மேற்பகுதிக்கு அதுவே ஏற்றதாயிற்று. சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903ஆம் ஆண்டில் இம்முறையைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். சென்னைக்குத் தெற்கே எழுந்த குரோம் தோல் நிறுவனத்தின் பெயராலேயே குரோம்பேட்டை என்னும் ஊர் இன்றும் வழங்குகிறது.

பட்டைக்கும் தட்டுப்பாடு வந்தது. தேவை மிகமிக ஆவாரை குறைந்தது, விலை ஏறியது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை கப்பலில் வந்திறங்கியது. நீலகிரியில் சீகை மரம் என்று மக்கள் வழங்குவது இதனையே. நம் புன்செய்ச் செடியின் இடத்தை அயல்நாட்டு மரம் பிடித்துக்கொண்டது.

இறுதி மாற்றம் அரசின் கொள்கையால் வந்தது. அரைவேலைத் தோலை அனுப்பிவிட்டு முழுவேலையின் ஊதியத்தை இழப்பது அறிவுடைமை ஆகாது என்று கருதிய இந்திய அரசு, 1973ஆம் ஆண்டு முதல் அத்தகைய தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. நோக்கம் நன்றே. அதன் பயனாக முழுத்தோலும் காலணியும் இம்மண்ணிலேயே உருவாயின. ஆம்பூர் காலணி நகரமாயிற்று. ஆயிரக்கணக்கான பெண்கள் காலணித் தொழிற்கூடங்களில் வேலை பெற்றனர். ஆனால் புதிய சந்தை வேண்டியது குரோமியத் தோலை. ஆகவே பட்டைத் தொட்டிகள் ஒவ்வொன்றாக வறண்டன. சுழலும் மரப் பீப்பாய்கள் அவற்றின் இடத்தில் வந்தன. தோலைச் சீவும் இயந்திரங்கள் வந்தன. அவற்றின் உருளைக் கத்திகளுக்குச் சாணைக்கல்லும் இயந்திரத்திலேயே பொருத்தப்பட்டிருந்தது. கத்தியைத் தீட்டி, அதன் கூர்மையை விரல்நுனியால் அறிந்தவனின் கலைக்கு அங்கே வேலை இல்லை.

விரைவு வந்தது, அதற்குரிய விலையைக் கொடுத்தது யார்? பாலாறு கொடுத்தது. பட்டைமுறையும் மாசற்றது அன்று. உப்பும் சுண்ணாம்பும் அதிலும் உண்டு. ஆனால் தொழில் பெருகப் பெருகக் கழிவும் பெருகியது. குரோமியமும் அதனோடு சேர்ந்தது. கிணற்று நீர் கரித்தது, வயல் வெளுத்தது. வேலூர் மக்கள் நலமன்றத்தின் முறையீட்டின்மீது உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம், ஒரு பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதி இழந்ததை அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. மாசு செய்தவரே அதற்குரிய இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறி, நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியென அதில் உறுதி செய்யப்பட்டது.

பட்டைத்தோல் முற்றிலும் மறைந்துவிடவில்லை. திருச்சிராப்பள்ளி, திண்டுக்கல், ஈரோடு ஆகிய ஊர்ப்பக்கங்களில் சில தொழிற்கூடங்கள் அதனை விடாது காத்தன. 2008ஆம் ஆண்டில் கிழக்கிந்தியத் தோலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பெயரைக் காப்பது எளிது. கைப்பழக்கத்தைக் காப்பது அரிது. சாற்றின் மணத்தால் அதன் செறிவை அறியும் அறிவு, அதனைக் கற்பிப்பவனோடும் கற்பவனோடும்தான் வாழும். அவ்விருவரும் பிரிந்தால், பத்திரத்தில் பொறித்த பெயர் அதனை மீட்டுத் தராது.

மாணவச் செல்வங்களே! இவ்வரலாற்றில் தீயவர் ஒருவரைத் தேடிக் குற்றம் சாட்டுதல் எளிதன்று. வணிகர் சந்தையைப் பின்பற்றினர். அரசு நாட்டின் வருவாயை நாடியது. தொழிலாளர் கூலியைத் தேடினர். ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஆயினும் ஒரு பழைய தொழிலை விட்டுப் புதியதைக் கைக்கொள்ளும்போது எவை உடன் போகின்றன, எவை உடன் வருகின்றன என்று எண்ணிப் பார்க்க எவரும் பொறுத்திருக்கவில்லை. வாரக்கணக்கில் காத்திருக்கக் கற்பித்த தொழிலை நாம் அவசரத்தில் கைவிட்டோம்.

பாலாற்றங்கரை மேடுகளில் ஆவாரை இன்றும் பூக்கிறது. அதன் பூவைப் பொங்கல் நாளில் காப்புக் கட்டப் பறிப்பவர் உண்டு. பட்டையின் பெருமையை அறிந்தவர் மிகச் சிலரே. அச்சிலர் இருக்கும்போதே சென்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.