ஜாக்சன் காடு: மர வருவாயிலிருந்து கூட்டுப் பேணுகைக்கு

கலிஃபோர்னியாவின் வடகடலோரத்தில், மெண்டோசினோ மாவட்டத்தில், ஏறத்தாழ 50,000 ஏக்கர் பரப்பில் விரிந்துள்ள ஜாக்சன் அரசுச் செயல்விளக்கக் காடு, அம்மாநில அரசு நடத்தும் இவ்வகைக் காடுகளுள் மிகப் பெரியது. மரம் வளர்த்தும் வெட்டியும் விற்கும் முறைகளை நில உடைமையாளருக்கும் ஆய்வாளருக்கும் நடைமுறையில் காட்டுவதற்கென அரசே வைத்திருக்கும் காடு செயல்விளக்கக் காடு எனப்படும். இங்குள்ள முதன்மை மரமான கடலோர ரெட்வுட், நூறு மீட்டருக்கு மேல் உயரவும் இரண்டாயிரம் ஆண்டுகள் வாழவும் வல்லது. வெட்டிய அடிமரத்திலிருந்து மீண்டும் துளிர்க்கும் அரிய இயல்பும் இந்த ஊசியிலை மரத்துக்கு உண்டு. இன்று ஜாக்சனில் நிற்கும் மரங்களுள் பெரும்பாலானவை அத்தகைய மறுவளர்ச்சியே. வெட்டுப்படாத தொல்காடாக எஞ்சியிருப்பது சில நூறு ஏக்கர்தான்.

இந்நிலம் வடபோமோ, கடலோர யூக்கி ஆகிய பழங்குடிகளின் தாயகம். ரெட்வுட்டின் நிழலில் வளரும் டேன்ஓக் மரத்தின் கொட்டையை இடித்து, நீரூற்றி அதன் கசப்பை நீக்கி, கூழாகவும் அடையாகவும் சமைத்தது அவர்களின் உணவு வாழ்வுக்கு அடிப்படையாக இருந்தது. கொட்டையைத் துளைக்கும் வண்டுகளைக் குறைக்கவும், கூடை முடைவதற்கு ஏற்ற நேரான இளங்கொம்புகள் துளிர்க்கவும், மான் மேயும் வெளிகள் புதராகிவிடாமலிருக்கவும் காலமறிந்து சிறுதீ மூட்டுவது அவர்களின் காட்டுப் பராமரிப்பு முறை. கலிஃபோர்னியா 1850-இல் இயற்றிய, பெயரளவில் பழங்குடியினரின் பாதுகாப்புக்கான சட்டம், அவர்களைக் கட்டாய உழைப்புக்கு உட்படுத்த வழிவகுத்ததோடு, புல்வெளிக்குத் தீ வைப்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

அதே 1850-இல், முன்னர் பம்பாயிலிருந்து சீனாவுக்கு அபின் ஏற்றிச்சென்ற ஃப்ராலிக் என்னும் கப்பல், சீனச் சரக்குடன் சான்ஃபிரான்சிஸ்கோ நோக்கி வருகையில் காஸ்பர் அருகே பாறையில் மோதி உடைந்தது. அச்சரக்கை மீட்க வந்தவர்கள் வெறுங்கையுடன் திரும்பினாலும், கரையோரத்து ரெட்வுட் காடுகளைப் பற்றிய செய்தியைக் கொண்டு சென்றனர். தங்க வேட்டையால் பெருகி, அடிக்கடி தீக்கு இரையான அந்நகருக்கு மரம் தேவைப்பட்ட காலம் அது. 1852-இல் மெண்டோசினோவில் அறுவை ஆலை எழுந்தது. கலிஃபோர்னியப் பழங்குடிகளுடன் செய்துகொள்ளப்பட்ட 18 ஒப்பந்தங்களை அமெரிக்க செனட் ஏற்க மறுத்ததும் அதே ஆண்டில்தான். 1905 வரை அவை வெளியிடப்படவே இல்லை. 1856-இல் நோயோ ஆற்றுப் பகுதியில் பழங்குடியினருக்கென அமைக்கப்பட்ட மெண்டோசினோ ஒதுக்கிடமும் பத்தாண்டுகளில் கலைக்கப்பட்டது.

காஸ்பர் ஆலையை 1864-இல் விலைக்கு வாங்கிய ஜேக்கப் கிரீன் ஜாக்சனின் நிறுவனம், அடுத்த எண்பது ஆண்டுகளுக்கு மேல் இக்காட்டை வெட்டியது. பெரும்பகுதி வெட்டித் தீர்ந்த அந்நிலத்தை 1947-இல் அரசு விலைக்கு வாங்கி, ஜாக்சனின் பெயரையே காட்டுக்குச் சூட்டியது. தரமான மரப்பொருளை என்றும் குன்றாத அளவில் உச்சமாக விளைவிப்பதே செயல்விளக்கக் காடுகளின் குறிக்கோள் என்று மாநிலச் சட்டம் வகுத்தது. நீர்ப்பிடிப்பு, மீன்வளம், வனவிலங்கு, பொழுதுபோக்கு முதலியவை உடன் கருத வேண்டியவையாக அடுத்த இடத்தில் வைக்கப்பட்டன. மர விற்பனை வருவாயைக் கொண்டே இக்காடுகளின் செலவு நடந்ததால், வெட்டுவதை நிறுத்தினால் ஆய்வும் பராமரிப்பும் தடுமாறும் நிலை உருவாயிற்று. உடைமை தனியாரிடமிருந்து பொதுமக்களுக்கு மாறிய பின்னும் மரத்தை விற்றே காட்டை நடத்தும் ஏற்பாடு நீடித்ததற்கு இதுவே காரணம். எது பயன்மரம், எது களை என்பதையும் இக்கணக்கே வரையறுத்தது. ரெட்வுட்டுக்குப் போட்டியாகக் கருதப்பட்டதால், உணவு தந்த டேன்ஓக்கை நச்சு மருந்திட்டுக் கொல்வது இம்மாவட்டத்து மர நிறுவனங்களின் வழக்கமாயிற்று.

சூழலியலாளர் தொடுத்த வழக்குகளால் இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் ஜாக்சனில் வெட்டல் பல ஆண்டுகள் நின்றிருந்து, 2008-இல் வகுக்கப்பட்ட புதிய மேலாண்மைத் திட்டத்துக்குப் பின் மீண்டும் தொடர்ந்தது. 2021-இல் போராட்டக்காரர்கள் மரங்களின் மீதேறி அமர்ந்தபோது சர்ச்சையின் பொருளே விரிந்தது. மூதாதையரின் வாழ்விடங்களும் வழிபாட்டுத் தலங்களும் அழிவதைச் சுட்டிய போமோ மக்களின் கொயோட்டி பள்ளத்தாக்குப் பழங்குடி அரசு, பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு வரும் பலருள் ஒருவராக அன்றி, அரசுக்கு நிகரான அரசாகத் தன்னுடன் பேச வேண்டும் என்று கோரியது. பழங்குடிகளுக்கு இழைத்த கொடுமைகளுக்காக ஆளுநர் கேவின் நியூசம் 2019-இல் மன்னிப்புக் கேட்டிருந்ததும், மூதாதையர் நிலங்களில் இணை மேலாண்மையை ஊக்குவிக்கும் கொள்கையை 2020-இல் அறிவித்திருந்ததும் அக்கோரிக்கைக்கு வலுச் சேர்த்தன. 2022-இல் புதிய வெட்டல் திட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. பழங்குடிகளுடன் இணை மேலாண்மை, காலநிலை ஆய்வு, காட்டைச் சீரமைத்தல், மர விற்பனையை மட்டும் நம்பாத நிதி ஆகியவற்றை நோக்கமாகக் கொண்ட அறிக்கையை மாநில இயற்கை வளத்துறை வெளியிட்டது.

கூட்டுப் பேணுகை எனப்படும் இவ்வேற்பாடு எல்லா இடங்களிலும் ஒரே வடிவில் அமைவதில்லை. ஜாக்சனுக்கு வடக்கே உள்ள சின்கியோன் கடலோரத்தில், 1985-இல் வந்த நீதிமன்றத் தீர்ப்பு மர நிறுவனமொன்றின் வெட்டலைத் தடுத்தபின், பல பழங்குடிகள் சேர்ந்து 1986-இல் ஒரு பேரவை அமைத்து, 1997-இல் 3,845 ஏக்கரைத் தமதாக்கின. 2022-இல் ரெட்வுட் பாதுகாப்புச் சங்கம் மேலும் 523 ஏக்கரை அப்பேரவைக்கு வழங்கி, வணிக நோக்கிலான வெட்டலுக்கு நிலையான தடை விதிக்கும் ஒப்பந்த உரிமையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. அங்கே உடைமையே கைமாறியது. ஜாக்சனிலோ நிலம் அரசுடையதாகவே நீடிக்க, பங்கு மட்டுமே பேசப்படுகிறது.

ஆகவே ஜாக்சனில் நேரும் மாற்றத்தை, ஆலோசனைக் குழுவில் பழங்குடியினருக்கு எத்தனை இருக்கைகள் தரப்பட்டன என்பதைக் கொண்டு அளவிட இயலாது. உச்ச விளைச்சலைக் குறிக்கோளாக வைத்த சட்டம் அப்படியே நின்று, காட்டின் செலவு மர விற்பனையையே சார்ந்திருக்குமானால், இணை மேலாளர் என்ற பெயரைப் பெறுபவரும் எவ்வளவு வெட்டலாம் என்ற பழைய கேள்விக்கே விடை சொல்ல நேரும். சட்டத்தின் குறிக்கோள், நிதியின் மூலம், இறுதி முடிவெடுக்கும் அதிகாரம் ஆகிய மூன்றும் சேர்ந்து மாறும்போதுதான் எதை வளர்ப்பது, எங்கே தீ மூட்டுவது, எதை வெட்டாமல் விடுவது என்பவற்றைப் பழங்குடி அரசுகளும் தீர்மானிக்க இயலும். 1947-இல் நிலத்தோடு சேர்த்து அரசு சுமந்துகொண்ட ஆலைக் கணக்கும் அப்போதுதான் முடிவுக்கு வரும்.