தறிக்கு முன் வந்த பணம்

‘இஸ்திஸ்னாஃ’ என்னும் அரபுச் சொல்லுக்குச் ‘செய்து தரும்படி கேட்டல்’ என்பது பொருள். இன்னும் உருப்பெறாத ஒன்றை, இன்ன அளவில், இன்ன விலைக்குச் செய்து தருக எனக் கைவினைஞனோடு உடன்படிக்கை செய்துகொள்வதே அது. பிக்ஹு நூலார் இதற்குத் தோற்காலுறையை எடுத்துக்காட்டாகக் கூறுவர். ஷாபிஈ மத்ஹபினர் இதனைத் தனியொரு உடன்படிக்கையாகக் கொள்வதில்லை. ‘ஸலம்’ எனப்படும் முன்பண வியாபாரத்தின் விதிகளுக்குள் அடங்கினால்தான் செல்லும் என்பர். ஹனபீ மத்ஹபில் இதற்கெனத் தனிப் பாடமே உண்டு. அப்பாடத்தில் ஓரிடம் வரும். பொருளைச் செய்து முடித்த பின்னரும், கேட்டவர் அதனைக் காணுமுன், வேறொருவருக்கு விற்றுவிட வினைஞனுக்கு உரிமையுண்டு என்பது அம்மத்ஹபின் பழைய தீர்ப்பு.

இவ்விடத்தை நாம் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் முகஞ்சுளிப்பர். வாக்குக் கொடுத்தவன் மாறலாமோ என்று கேட்பர். அப்போது நாம் கிதாபைச் சற்றே மூடிவைத்துவிட்டு, சோழமண்டலக் கரையின் தறிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்குவோம். அங்கிருந்த நெசவாளர் நம் சட்ட நூல்களைப் படித்தவரல்லர். அவர்களுடைய வழக்கம் அவர்களுடையதே. ஆயினும் அவ்வழக்கம் இருந்த காலத்தையும் இழந்த காலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால், அப்பழைய தீர்ப்பின் அருமை விளங்கும்.

டச்சுக்காரர் பழவேற்காட்டில் 1610இல் கால் ஊன்றினர். 1613இல் கெல்டிரியாக் கோட்டையை அமைத்தனர். அவர்கள் தேடியது துணியையே. ஏனெனில் மலுக்குத் தீவுகளின் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் ஈடாக அத்தீவினர் விரும்பிப் பெற்றது இக்கரையின் துணியாகும். சோழமண்டலம் மலுக்குத் தீவுகளின் இடக்கை என ஹென்ட்ரிக் புரோவர் என்னும் டச்சு அதிகாரி 1612இல் எழுதினார். இந்த உண்மையை அவருக்கு நெடுநாள் முன்பே நம் மரைக்காயர்கள் அறிந்திருந்தனர். பரங்கிப்பேட்டை, நாகூர், கீழக்கரை ஆகிய துறைகளிலிருந்து மலாக்காவுக்கும் கெடாவுக்கும் அச்சேவுக்கும் துணி கொண்டு சென்றவர்கள் அவர்களே.

இத்துணி கடையில் அடுக்கி வைத்து விற்கப்பட்டதன்று. எந்தத் தீவினர் எந்தக் கரையையும் எந்தச் சிவப்பையும் விரும்புவர் என்பதற்கேற்ப மாதிரித் துண்டு வரும். அம்மாதிரியையும் முன்பணத்தையும் கும்பினியார் வணிகரிடம் கொடுப்பர். வணிகர் தலைமை நெசவாளரிடம் கொடுப்பர். அவர் வழியே தறிக்காரர் கைக்குச் சேரும். அப்பணத்தில் அவர் சந்தையில் நூல் வாங்குவார், வீட்டுக்கு அரிசியும் வாங்குவார். துணியின் நெருக்கத்தைப் புஞ்சக் கணக்கால் சொல்வர். ஒரு புஞ்சம் என்பது பாவில் 120 இழை. ஐப்பசியில் வாடைக்காற்றும் புயலும் தொடங்குமுன் கப்பல்கள் இக்கரையை விட்டு அகன்றாக வேண்டும். ஆதலால் தவணை தவறினால் எல்லாருக்கும் இழப்பு. கோட்டையில் துணியை விரித்து, அளந்து, மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பர். தேறாத துணி வணிகர் தலையில் விழும், அல்லது விலை குறைக்கப்படும்.

இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. முன்பணம் பெற்ற நெசவாளர், வேறொருவர் கூடுதல் விலை தருவாராயின், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உடன்படிக்கையிலிருந்து விலகலாம். பணம் கொடுத்த வணிகருக்கோ அவ்வாறு விலகும் உரிமை இல்லை. நெசவாளர் ஓடிப்போனாலோ நொடித்துப்போனாலோ வாராக்கடன் வணிகருடையது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தென்னாட்டு நெசவூர்களில் இவ்வழக்கம் நிலவியதை அக்காலத்துக் கும்பினிப் பதிவேடுகளை ஆராய்ந்தோர் எடுத்துக்காட்டியுள்ளனர். இது எப்படி நிலைத்தது? வாங்குவோர் பலராயிருந்தனர். டச்சுக்காரர் மறுத்தால் ஆங்கிலேயர். அவர் மறுத்தால் தரங்கம்பாடியில் டேனியர், பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர். யாரும் இல்லையெனில் உள்நாட்டு வணிகரும் மரைக்காயரும் இருக்கவே இருந்தனர். மேலும், குடியிருந்த ஊரில் கொடுமை மிகுந்தால் நெசவாளர் குடும்பத்தோடு வேறு ஆட்சியாளரின் எல்லைக்குப் பெயர்ந்துவிடுவர். தறி வரியை இழக்க விரும்பாத சிற்றரசர்கள் வரியைக் குறைத்து அவர்களை அழைத்துக் குடியேற்றியதும் உண்டு.

நெசவாளரை மாசற்றவராக்கிப் பேசுவதும் நேர்மையாகாது. பஞ்சு விலையோ அரிசி விலையோ ஏறியபோது, பேசிய விலைக்குள் அடங்கப் பாவில் இழையைக் குறைத்து நெய்தனர். இது கும்பினியாரின் ஓயாத புகாராயிருந்தது. நூல் நூற்றுக் கொடுத்த எண்ணற்ற பெண்களோ எந்த உடன்படிக்கையிலும் இடம் பெறவில்லை.

1761இல் பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 1763இல் செங்கற்பட்டுச் சீமை ஆற்காட்டு நவாபிடமிருந்து கும்பினிக்குச் சென்றது. 1801இல் கர்நாடகம் முழுவதுமே சென்றது. துணி வாங்கியவரே நாட்டை ஆள்பவருமானார். அதே முன்பணம்தான், அதே மாதிரித் துண்டுதான். ஆனால் கும்பினியார் இடைநின்ற வணிகரை விலக்கி, நெசவாளரோடு நேரே பற்றுவரவு வைத்தனர். பெற்ற பணத்துக்குத் துணி தந்து முடிக்கும்வரை பிறருக்கு நெய்யலாகாது என்றாயிற்று. பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றாலும் ஏற்பாரில்லை. தறிவீட்டு வாசலில் சேவகன் நிறுத்தப்பட்டான். ஊர் பெயர்ந்து செல்வதற்கோ, செல்லுமிடமும் அவர்களுடையதேயாயிருந்தது.

வங்காளத்தில் இது இன்னும் கடுமையாக நடந்தது. அங்குக் கும்பினியார் கொடுத்த விலை சந்தை விலையைவிட நூற்றுக்கு 15 முதல் 40 வரை குறைவு என்று வில்லியம் போல்ட்ஸ் 1772இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அவர் கும்பினியால் நாடு கடத்தப்பட்டவர்; ஆதலால் அவர் சொல்லைச் சற்று நிறுத்தே கொள்ள வேண்டும். ஆங்கிலேயர் நெசவாளரின் கட்டைவிரலை வெட்டினர் என மேடைதோறும் கூறப்படுவதற்கும் மூலம் அந்நூலே. ஆனால் அங்குள்ள செய்தி வேறு. பட்டுநூல் சுற்றுவோர், கட்டாய வேலையிலிருந்து தப்புவதற்காகத் தம் கட்டைவிரலைத் தாமே அறுத்துக்கொண்டனர் என்றுதான் அவர் எழுதியுள்ளார். வெட்டினர் என்று சொல்வதைவிட இது நெஞ்சை மிகுதியாக வருத்துவதாக நமக்குத் தோன்றுகிறது.

மாணவர்களிடம் இன்னொன்றும் சொல்வதுண்டு. இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்கள் இப்பாடத்தில் மாறுபட்டார்கள்: பேசியபடியே பொருள் அமைந்துவிட்டால் கேட்டவர் மறுக்கலாகாது, மறுத்தால் தோலை வெட்டிச் செலவிட்ட வினைஞன் கெட்டுப்போவான் என்றார்கள். உதுமானியர் 1876இல் நிறைவு செய்த ‘மஜல்லா’ சட்டத் தொகுப்பு இதனை மேலும் நீட்டி, இருவருமே விலகலாகாது என விதித்தது. ஆலைகளும் பெரும் ஒப்பந்தங்களும் பெருகிய காலத்துக்கு அது வேண்டியிருந்தது. ஆயினும் இருவரையும் கட்டும் கயிறு இருவருக்கும் ஒரே நீளமாயிருக்குமா என்று ஒரு மாணவர் கேட்டார். நாம் உடனே விடை கூறவில்லை.

கும்பினியின் இந்திய வணிக ஏகபோகம் 1813இல் முடிந்தது. 1833ஆம் ஆண்டுச் சட்டம் அதன் வணிகத்தையே நிறுத்திற்று. பிறருக்கு விற்கலாகாது என்னும் தடை நெசவாளருக்கு நீங்கியபோது, டச்சுக்காரர் பழவேற்காட்டை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துச் சென்றுவிட்டிருந்தனர். லங்காஷயரின் ஆலைத் துணி வந்து இறங்கிக்கொண்டிருந்தது. பாண்டிச்சேரியார் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய நீலத்துணியும், நம்மவர் கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டு சென்ற கைலியும் சில ஊர்களின் தறிகளைக் காத்தன. நம் இல்லங்களில் ‘பாளையகாட்’ என்று கேட்டு வாங்கும் கைலியின் பெயர், அந்தப் பழவேற்காட்டின் பெயரே.