டெவன் வயிற்றுவலி: ஒரு பானம் தந்த பாடம்



ஆப்பிள் சாற்றைப் புளிக்க வைத்துச் செய்யும் மதுவுக்குச் சைடர் என்று பெயர். மதுவைப் போற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அப்பானத்தால் வந்த ஒரு நோயின் காரணத்தை ஒரு மருத்துவர் எவ்வாறு கண்டறிந்தார் என்பதே நாம் அறிய வேண்டிய செய்தி.

18ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன் வட்டாரப் பண்ணைகளில் சைடர் செய்வது வழக்கம். ஆப்பிள்களைக் கல் ஆலையில் அரைத்து, கூழை அழுத்திச் சாறு பிழிந்து, மரப்பீப்பாய்களில் ஊற்றி வைப்பர். ஈஸ்ட் எனும் நுண்ணுயிர் சாற்றிலுள்ள சர்க்கரையை ஆல்ககாலாக மாற்றிவிடும். குளிர்காலத்தில் அதனைச் சூடாக்கி, இஞ்சியும் சாதிக்காயும் கிராம்பும் சேர்த்துப் பருகுவதும் உண்டு. அந்தச் சாதிக்காயும் கிராம்பும் அந்நாளில் நம் அண்டையிலுள்ள மலுக்குத் தீவுகளிலிருந்து சென்றவை. பண்ணைத் தொழிலாளர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியே சைடராகத்தான் கிடைத்தது.

அவர்களிடையே கொடிய நோயொன்று பரவியது. தாங்க முடியாத வயிற்றுவலியும் மலச்சிக்கலும் முதலில் வரும். பின்னர்க் கைகள் செயலிழக்கும். சிலர் இறந்தும் போயினர். 1724ஆம் ஆண்டில் பெருமளவில் பரவிய இந்நோயைப் பற்றி, ஜான் ஹக்சாம் என்னும் மருத்துவர் 1739இல் நூல் எழுதினார். சைடரின் புளிப்பே காரணம் என்பது அவர் கருத்து. பலரும் அதனை நம்பினர்.

டெவனில் பிறந்த ஜார்ஜ் பேக்கர் என்னும் மருத்துவர் எளிய வினா ஒன்றை எழுப்பினார். ஹியர்ஃபோர்ட்ஷயர் மக்களும் இதே சைடரைத்தானே குடிக்கின்றனர்? அங்கு ஏன் இந்நோய் இல்லை?

அவர் பானத்தை விட்டுப் பாத்திரத்தை ஆராய்ந்தார். டெவனில் பிழியும் பொறிகளுக்குக் காரீயத் தகடு வேய்ந்திருந்தனர். ஆலைக் கற்களின் இணைப்புகளிலும் காரீயம் இருந்தது. ஹியர்ஃபோர்ட்ஷயரில் அவ்வழக்கம் இல்லை. ஆப்பிளின் அமிலம் காரீயத்தைக் கரைத்துச் சாற்றில் சேர்த்தது. கந்தகச் சேர்மங்களைக் கொண்டு சோதித்தபோது டெவன் சைடர் கறுத்தது, மற்றது கறுக்கவில்லை. இம்முடிவுகளை 1767இல் இலண்டன் மருத்துவர் கல்லூரியில் அவர் வெளியிட்டார்.

நம் நாட்டுச் சுரங்கங்களில் எடுத்ததும், பித்தளைப் பாத்திரங்களுக்குப் பூசுவதும் வெள்ளீயம். காரீயம் வேறு, அது நஞ்சு. அமிலத்தில் கரைந்த காரீயம் இனிக்கவும் செய்யும். ஆகவே குடிப்பவரின் நாக்கு அதனைக் காட்டிக் கொடுப்பதில்லை.

உண்மையைச் சொன்னவருக்குப் பாராட்டா கிடைத்தது? 1763இல் விதிக்கப்பட்ட சைடர் வரியை எதிர்த்துப் போராடி, 1766இல்தான் அதனை நீக்கச் செய்திருந்தனர் மக்கள். மறு ஆண்டே தம் தொழிலுக்கு இன்னோர் அடியா என்று உற்பத்தியாளர்கள் கொதித்தனர். தாமஸ் ஆல்காக் என்னும் பாதிரியார் மறுப்பு நூலே எழுதினார். ஆயினும் காரீயம் படிப்படியாக நீக்கப்பட்டது. நோயும் குறைந்து மறைந்தது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, பெற்றோருக்கு. காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. வளரும் குழந்தைகளின் மூளையை அது மிகுதியாகப் பாதிக்கும். புளிக்குழம்பு, ஊறுகாய், பழச்சாறு ஆகியவற்றை அலங்காரத்திற்கென விற்கப்படும் வண்ண மெருகிட்ட மண்கலங்களில் வைத்தல் கூடாது.

இரண்டாவது, ஆசிரியர்களுக்கு. ஒரே பானம், இரண்டு வட்டாரங்கள், ஓரிடத்தில் மட்டும் நோய். இவ்வளவை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு, காரணத்தை மாணவர்களையே தேடச் சொல்லுங்கள். அறிவியல் பாடத்திற்கு இதனினும் நல்ல தொடக்கம் வேண்டுமோ?