டேட்டன் வழக்கும் கூர்தலறமும்

கூர்தலறம் எனப்படும் பரிணாமக் கொள்கைக்கும் சமய நம்பிக்கைக்கும் எழுந்த பூசலை ஆராய்வார் பலரும் அமெரிக்க நாட்டு டேட்டன் வழக்கினை எடுத்துக்காட்டுவர். அவ்வழக்கால் அறிவியல் வென்றது என்பது பலர் கொண்ட கருத்து. அது பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மனிதன் தாழ்ந்த விலங்கினத்தினின்று தோன்றினான் என அரசுப் பள்ளிகளில் கற்பித்தலை டென்னசி மாநிலம் 1925-இல் சட்டத்தால் தடுத்தது. அதனை மீறினாரென ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸுக்கு அவ்வாண்டு ஜூலைத் திங்களில் 100 டாலர் தண்டம் விதிக்கப்பெற்றது. 1927-இல் மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிற்று. ஆயின், தண்டத் தொகையைச் சான்றாயத்தார் அன்றி நீதிபதியே வரையறுத்தமைதான் அதற்குக் காரணம். சட்டமோ 1967 வரை நிலைபெற்றது.

இதனினும் கருதத்தக்கது பாடநூல்களின் நிலை. வழக்கில் இடம்பெற்ற ஹண்டரின் உயிரியல் நூல் 1926-இல் திருத்தப்பெற்றபோது, 'பரிணாமம்' என்னும் சொல்லே அதனின்று மறைந்தது. 1957-இல் சோவியத்து நாடு ஸ்புட்னிக்கை ஏவிய பின்னர், அமெரிக்க அரசு அறிவியற் கல்வியில் கருத்தூன்றிற்று. 1960-களில் அக்கொள்கை பாடநூல்களில் மீண்டும் சிறப்பிடம் பெற்றது. 1968-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் ஆர்க்கன்சா மாநிலத் தடைச்சட்டம் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. எனினும், 1982-இல் காலப் நிறுவனம் எடுத்த கணிப்பில், இறைவன் மனிதனைக் கடந்த 10,000 ஆண்டுகளுக்குள் இன்றைய வடிவிலேயே படைத்தான் என்றோர் 44 விழுக்காட்டினர்.

ஆகலின், மன்றத்தின் தீர்ப்பு வேறு, மக்களின் ஏற்பு வேறு என்பது பெறப்படும். டேட்டனில் அறிவியல் வென்றது என்பதினும், ஒரு தலைமுறை அப்பாடத்தைச் செவ்வனே பெறாது போயிற்று என்பதே வரலாற்றுக்கு இயைந்த முடிபு எனக் கருதுகின்றோம்.