இம்சை அரசன் 24ம் புலிகேசி

இம்சை அரசன் 24ம் புலிகேசி என்பது 2017ஆம் ஆண்டில் படப்பிடிப்பு தொடங்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட தமிழ் நகைச்சுவைத் திரைப்படமாகும். இதனைச் சிம்புதேவன் இயக்கினார். இயக்குநர் ஷங்கரின் எஸ் பிக்சர்ஸ் நிறுவனமும் லைக்கா நிறுவனமும் இணைந்து தயாரித்தன. முதன்மை நடிகரான வடிவேலு தொடர்ந்து நடிக்காததால் படம் நின்றுபோனது.

முதற் பாகம்

இதன் முன்படமான இம்சை அரசன் 23ம் புலிகேசி 2006 சூலை மாதம் வெளிவந்தது. ஆனந்த விகடனில் கேலிச்சித்திரங்கள் வரைந்துவந்த சிம்புதேவனுக்கு அதுவே முதற் படம். 1991இல் வெளிவந்த என் ராசாவின் மனசிலே படத்தின் வாயிலாகக் கவனம் பெற்ற வடிவேலு, பதினைந்து ஆண்டுகள் துணைப் பாத்திரங்களில் நடித்தபின் இதில் இரட்டை வேடத்தில் கதாநாயகனானார். பிரித்தானியர் காலத்துக் கற்பனைப் பாளையம் ஒன்றே கதைக்களம். ஆயினும் கேலி முழுவதும் நிகழ்காலத்தைப் பற்றியது. அக்காமாலா, கப்சி என்னும் பானங்களுக்கு மன்னர் அனுமதி வழங்கும் காட்சியும், சாதிச் சண்டைக்கென்றே மைதானம் அமைக்கும் காட்சியும் இன்றும் நினைவுகூரப்படுகின்றன. மனோரமா, நாசர், நாகேஷ் ஆகியோரும் நடித்திருந்தனர். படம் பெரும் வெற்றி பெற்றது.

இடைக்காலம்

அதே 2006ஆம் ஆண்டு மே மாதத்தில், பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாச்சலம் தொகுதியிலிருந்து நடிகர் விஜயகாந்த் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதன்முறையாகத் தேர்தலைச் சந்தித்த அவரது தே.மு.தி.க.விற்கு அப்போது கிடைத்த ஒரே தொகுதி அது. திரைக்கதைக்கும் இதற்கும் தொடர்பில்லை. வடிவேலுவின் திரைவாழ்வுக்குத் தொடர்புண்டு. பின்னாளில் இருவருக்கும் பகை மூண்டது. 2011 தேர்தலில் வடிவேலு தி.மு.க.விற்காக ஊர் ஊராகச் சென்று விஜயகாந்தைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். கூட்டம் திரண்டது, வாக்கு திரளவில்லை. அ.தி.மு.க. ஆட்சியமைத்தது, விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். வடிவேலுவுக்குப் பட வாய்ப்புகள் ஏறத்தாழ நின்றுபோயின. கதாநாயகனாக அவர் மீண்டு வர முயன்ற தெனாலிராமன் (2014), எலி (2015) ஆகியவை எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. இந்நிலையில் புலிகேசியின் அடுத்த பாகம் அவருக்கு மறுவாழ்வு தரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. விஜய் நடித்த புலி (2015) படத்திற்குப் பின் சிம்புதேவனுக்கும் இவ்வெற்றி தேவையாக இருந்தது.

படப்பிடிப்பும் பிணக்கும்

2017இல் சென்னையை அடுத்து அரண்மனை அரங்குகள் அமைக்கப்பட்டுப் படப்பிடிப்பு தொடங்கியது. முதற் சுவரொட்டி அக்டோபரில் வெளியிடப்பட்டது. சில நாட்களிலேயே கருத்து வேறுபாடு எழுந்தது. தமக்கு விருப்பமான ஆடை வடிவமைப்பாளரே வேண்டும் என்று வடிவேலு கேட்டது பிணக்கின் தொடக்கம் என அக்காலச் செய்திகள் கூறின. அவர் படப்பிடிப்புக்கு வராததால் இழப்பு ஏற்பட்டதாக ஷங்கர் தயாரிப்பாளர் சங்கத்தில் முறையிட்டார். ஒப்பந்தத்தில் கண்ட காலத்திற்குள் படம் தொடங்கப்படவில்லை என்பது வடிவேலு தரப்பு விளக்கம். அப்போது தயாரிப்பாளர் சங்கத் தலைவர், நடிகர் சங்கப் பொதுச் செயலாளர் ஆகிய இரு பொறுப்புகளிலும் நடிகர் விஷாலே இருந்தார்.

சமூகப் படமாயின் வேறொரு நடிகரைக் கொண்டு முடித்திருக்கலாம். இங்கு அரங்கு, ஆடை, மீசை முதற்கொண்டு அனைத்தும் ஒரே முகத்திற்காகச் செய்யப்பட்டவை. வடிவேலு இல்லாத புலிகேசியைப் பார்க்க எவரும் வரமாட்டார் என்பதைத் தயாரிப்புத் தரப்பும் அறிந்திருந்தது.

தடையும் தீர்வும்

பிணக்கு தீரும்வரை தயாரிப்பாளர்கள் வடிவேலுவை ஒப்பந்தம் செய்யாத நிலை உருவானது. காற்பந்தாட்டத்திலிருந்து பெற்ற சொல்லால் ஊடகங்கள் இதனை ரெட் கார்டு என்றன. இத்தகைய தடை நீதிமன்ற ஆணையன்று; சங்க உறுப்பினர்களின் ஒத்துழையாமையால் நடைமுறைக்கு வருவது. ஆயினும் மெர்சல் (2017) படத்திற்குப் பின் ஐந்தாண்டுகள் அவர் நடித்த புதிய படம் எதுவும் திரைக்கு வரவில்லை. அக்காலத்தில் அவரது பழைய காட்சிகளே மீம்களாக இணையமெங்கும் உலவின என்பது விந்தை.

2021 ஆகத்து மாதத்தில், லைக்கா முன்னின்ற பேச்சுவார்த்தையின் பின், சிக்கல் தீர்ந்ததாகத் தயாரிப்பாளர் சங்கம் அறிவித்தது. ஆனால் 24ம் புலிகேசி மீட்கப்படவில்லை. சரித்திரப் படங்களில் இனி நடிக்கப்போவதில்லை என்று வடிவேலு செய்தியாளர்களிடம் கூறினார். லைக்காவுக்காக அவர் சுராஜ் இயக்கத்தில் வேறொரு நகைச்சுவைப் படத்தில் நடித்தார். தலைநகரம் (2006) படத்தில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயரான நாய் சேகர் என்ற தலைப்பைச் சதீஷ் நடித்த மற்றொரு படம் முன்னரே பெற்றிருந்ததால், இப்படம் நாய் சேகர் ரிட்டர்ன்ஸ் என்ற பெயரில் 2022 திசம்பரில் வெளிவந்தது. அது வெற்றி பெறவில்லை. அடுத்த ஆண்டில் மாரி செல்வராஜின் மாமன்னன் படத்தில் நகைச்சுவை கலவாத பாத்திரமேற்றுப் பாராட்டுப் பெற்றார். சிம்புதேவன் இயக்கிய கசட தபற 2021இலும், யோகி பாபு நடித்த போட் 2024இலும் வெளிவந்தன.