மணியடிக்கும் பொம்மை

செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் வாழும் நமக்கு ஐதராபாத் தொலைவான ஊர். ஆயினும் இவ்விரண்டையும் ஒரு நாள் பிணைத்திருக்கிறது. 1750 டிசம்பர் 16 அன்று, பிரெஞ்சுப் படை தாக்கிய வேளையில், ஐதராபாத் நிசாம் நாசிர் சங் செஞ்சிக்கு அருகே கொலையுண்டார். கொன்றவர் பகைவர் அல்லர். அவரைச் சார்ந்து வந்திருந்த கடப்பை நவாபே. முகலாயர் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுப் பெற்ற நம் கோட்டையை, அதே ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்திருந்தார். காலம் எவருடைய கணக்குக்கும் அடங்குவதில்லை.

பங்கு மக்களுடன் ஐதராபாத்தின் சாலார் சங் அருங்காட்சியகத்தைக் காணச் சென்றபோது, அந்நாளே நம் நினைவுக்கு வந்தது. ஏனெனில் அதனை நேரு திறந்து வைத்ததும் ஒரு டிசம்பர் 16ஆம் நாள்தான், ஆண்டு 1951. நிசாமின் திவானாக இருந்த மூன்றாம் சாலார் சங் 1949இல் வாரிசின்றி மறைந்தார். அவரும் முன்னோரும் சேர்த்த தந்த வேலைப்பாடுகளும் பீங்கான்களும் கடிகாரங்களும் இன்று ஏழை எளியோர்க்கும் பொதுவாயின. ஈசாக்கைக் கண்டு முக்காடிட்ட ரெபேக்காவை அங்கே பளிங்கில் கண்டோம். பெஞ்சோனி என்னும் இத்தாலியச் சிற்பி வடித்தது. கல்லே மெல்லிய துகிலாகி, உள்ளிருக்கும் முகத்தைக் காட்டுகிறது.

ஆனால் கூட்டமெல்லாம் ஒரு கடிகாரத்தின் முன்னேதான். இங்கிலாந்தில் செய்த உறுப்புகளைக் கொண்டு, கல்கத்தாவில் குக் அண்டு கெல்வி நிறுவனத்தார் பொருத்தியது அது. ஒரு சிறு கொல்லன் நொடிதோறும் சம்மட்டியால் அடித்துக்கொண்டே இருக்கிறான். அவனை எவரும் பொருட்படுத்தவில்லை. நண்பகல் நெருங்கியதும் நூற்றுக்கணக்கானோர் பேச்சடங்கி நின்றனர். தாடி வைத்த பொம்மை ஒன்று கதவைத் திறந்து வெளிவந்து, பன்னிரண்டு முறை மணியடித்துவிட்டு உள்ளே சென்றது. கூட்டம் கைதட்டிக் கலைந்தது.

நம்முடன் வந்திருந்த மூதாட்டி ஒருவர் மட்டும் சிலுவை அடையாளம் வரைந்து, மெல்லிய குரலில் மூவேளைச் செபம் சொல்லி முடித்தார். பிறகு நம்மை நோக்கி, “நம்ம கோயில்ல இப்போ பன்னிரண்டு மணி அடிக்கிறதில்லையே, சாமி” என்றார்.

கைப்பேசியிலேயே எல்லாரும் நேரம் பார்க்கிறார்களே என்று, இரண்டு ஆண்டுகளாக மணிக்கயிற்றைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தோம். மணி நேரத்தைச் சொல்வதற்கு மட்டும் அன்று, அந்த நேரம் யாருடையது என்று சொல்வதற்கும்தான் என்பதை மறந்திருந்தோம். குறை நம்முடையதே.

ஊர் திரும்பிய மறுநாள் நண்பகலில் கயிற்றை அவிழ்த்தோம்.