கெட்டெக்ஸ்ட்

மென்பொருளின் திரைவாசகங்களை நிரலிலிருந்து பிரித்து, பயனரின் மொழியில் காட்டும் கருவித்தொகுப்பு. 1990களின் தொடக்கத்தில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய இம்முறையின் கட்டற்ற வடிவமான க்னூ கெட்டெக்ஸ்ட் 1995இல் வெளிவந்தது. நிரலிலுள்ள வாசகங்கள் முதலில் ஒரு வார்ப்புருக் கோப்பில் திரட்டப்படும். அதன் படி ஒன்றில் ஒவ்வொரு மொழியினரும் மொழிபெயர்ப்பை எழுதுவர். விடுபட்டவை மூலமொழியிலேயே தோன்றும்.

இதன் பெருஞ்சிறப்பு எண்ணிக்கையைக் கையாளும் விதம். ஜப்பானியத்துக்கு ஒரே வடிவம் போதும், தமிழுக்கு ஒருமை, பன்மை என இரண்டு, ரஷ்யத்துக்கு மூன்று, அரபுக்கு ஆறு. எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்ற விதியை அந்தந்த மொழிக்கோப்பின் தலைப்பகுதியே தாங்கியிருக்கும். வாக்கியத்தில் பெயரோ எண்ணோ வந்தமரும் வெற்றிடங்களுக்கு வரிசை எண் இட்டால், மொழிக்கேற்ப அவற்றை முன்பின்னாக மாற்றலாம்.

வேற்றுமை உருபு மட்டும் தீராத சிக்கல். ஊர்ப்பெயருக்கான வெற்றிடத்தை அடுத்து ‘இல்’ என்று எழுதிவைத்தால், ‘சேலத்தில்’ என வரவேண்டியது ‘சேலம்இல்’ என்று நிற்கும். பெயரைத் தனியே நிறுத்தி, ‘ஊர்: சேலம்’ என வாசகத்தையே மாற்றி அமைப்பதுதான் நல்ல வழி. வாக்கியத்தைத் துண்டுகளாக்கி நிரலில் ஒட்டும் பழக்கமோ எந்த மொழிபெயர்ப்பாளராலும் சரிசெய்ய முடியாத கேடு.